படிக்கோட்டுக்கும் வளைகோட்டுக்கும் இடையே நிறம் நிரப்புதல்: பரப்பு ஏன் தவறாக வருகிறது?

வரைதாள் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 60 காத்திருப்பு நேர அளவீடுகள் உள்ளன. அலகு நொடி, சராசரி 4.2. அதே சராசரியைக் கொண்ட அடுக்குக்குறிப் பரவலை இவற்றுக்குப் பொருத்தி, தரவிலிருந்து நேரடியாகக் கிடைக்கும் குவிவுப் பரவல் சார்பையும் (ஒவ்வொரு மதிப்புக்கும், அதுவரை உள்ள தரவின் பங்கைச் சொல்வது) கோட்பாட்டுப் பரவலின் குவிவுச் சார்பையும் ஒரே படத்தில் வரைந்திருக்கிறேன். முதலாவது படிக்கட்டு போல ஏறுவதால் அதைப் படிக்கோடு என்றும், இரண்டாவதை வளைகோடு என்றும் இங்கே குறிப்பிடுகிறேன். படிக்கோடு மேலே இருக்கும் இடங்களில் ஆரஞ்சு நிறத்தையும், வளைகோடு மேலே இருக்கும் இடங்களில் நீல நிறத்தையும் நிரப்ப வேண்டும்.

பைத்தானில் மேட்பிளாட்லிப் நூலகத்தின் ஃபில்_பிட்வீன் கட்டளையைப் பயன்படுத்தினேன். தரவை ஏறுவரிசையில் அடுக்கி, ஒவ்வொரு தரவுப் புள்ளியிலும் இரு சார்புகளின் மதிப்புகளையும் கணித்து, அவற்றை அப்படியே கட்டளைக்குக் கொடுத்தேன். கோடுகள் பல இடங்களில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வது கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. ஆனால் நிறமோ பெரும்பாலும் ஆரஞ்சாகவே இருக்கிறது. சில இடங்களில் படிக்கோட்டைத் தாண்டி வெளியே வழிகிறது. வெட்டுப்புள்ளிகளைக் கணக்கில் எடுக்கும் இன்டர்போலேட் தெரிவை இயக்கியும் மாற்றமில்லை. பிழை கட்டளையிலா, என் புரிதலிலா?

நிகழ்தகவன்

கட்டளையில் பிழை இல்லை. நீங்கள் வரைந்த படிக்கோடு ஒன்று, நிறம் நிரப்பக் கொடுத்த கோடு வேறொன்று. 60 தரவை வைத்து விளக்கினால் தெளிவாகாது என்பதால், கையாலேயே சரிபார்க்கக்கூடிய ஐந்து எண்களை எடுத்துக்கொள்கிறேன்: 0.1, 0.2, 0.5, 0.6, 0.9. கோட்பாட்டுப் பரவல் 0 முதல் 1 வரையிலான சீரான பரவலாக இருக்கட்டும். அப்போது வளைகோடு என்பது மூலைவிட்டமான நேர்கோடு, கிடையச்சில் எந்த எண்ணோ அதுவே அதன் உயரமும்.

படிக்கோடு 0.1 வரை 0-இல் கிடந்து, அங்கே 0.2-க்குத் தாவி, 0.2 வரை அதே உயரத்தில் ஓடி, பிறகு 0.4-க்குத் தாவுகிறது. அடுத்த தரவு 0.5-இல்தான் இருப்பதால் அதுவரை 0.4-லேயே நிற்கிறது. இதற்கிடையில் மூலைவிட்டம் ஏறிக்கொண்டே வந்து, 0.4-இல் படிக்கோட்டைத் தொட்டு, 0.4-க்கும் 0.5-க்கும் இடையே அதற்கு மேலே போய்விடுகிறது. இப்படி ஒவ்வொரு தளத்தையும் பார்த்துக் கூட்டினால், படிக்கோடு மேலே இருக்கும் பரப்பு 0.055, மூலைவிட்டம் மேலே இருக்கும் பரப்பு 0.015, இரண்டும் சேர்ந்து 0.07.

இப்போது நீங்கள் செய்ததைச் செய்வோம். தரவுப் புள்ளிகளிலும் இரு முனைகளிலும் மட்டும் மதிப்பெடுத்தால், படிக்கோட்டிலிருந்து மூலைவிட்டத்தைக் கழித்த வேறுபாடுகள் 0, 0.1, 0.2, 0.1, 0.2, 0.1, 0 என்று வருகின்றன. ஒன்றுகூட எதிர்க்குறி உடையதல்ல. ஏனெனில் தரவுப் புள்ளி ஒவ்வொன்றிலும் படிக்கோடு அப்போதுதான் தாவி முடித்திருக்கிறது, தாவுவதற்கு முந்தைய உயரம் உங்கள் அட்டவணைக்குள் வரவேயில்லை. ஃபில்_பிட்வீன் இந்தப் புள்ளிகளை நேர்கோடுகளால் இணைத்து நிரப்புகிறது. கிடைக்கும் பரப்பு 0.13, முழுவதும் ஒரே நிறம். வெட்டுப்புள்ளியே இல்லாத இரு கோடுகளைக் கொடுத்துவிட்டு வெட்டுப்புள்ளியைத் தேடச் சொன்னால் இன்டர்போலேட் என்ன செய்யும்?

ஆர்மொழிக்காரர்

அந்தக் கட்டளையில் ஸ்டெப் என்றொரு தெரிவு உண்டே. அதற்குப் 'போஸ்ட்' என்று மதிப்புக் கொடுத்தால் படிகளாகவே நிரப்பும். அத்துடன் வேலை முடிந்துவிடாதா?

நிகழ்தகவன்

முடியாது, அது இன்னும் மோசமாக்கும். அந்தத் தெரிவு இரண்டு எல்லைகளையும் படிகளாக மாற்றிவிடுகிறது. நமக்கு ஒன்று படியாகவும் மற்றொன்று வளைவாகவும் வேண்டும். அதே ஐந்து எண்களுக்குக் கணக்கிட்டால் பரப்பு 0.15 ஆகிறது, உண்மையான 0.07-ஐப் போல இரண்டு மடங்குக்கும் மேல். தரவு ஆயிரக்கணக்கில் இருந்தால் படிகள் சிறுத்து இந்தப் பிழை கண்ணில் படாமல் போய்விடும். சிறிய தரவில்தான் இது அம்பலமாகும்; சிறிய தரவில்தான் நாம் இந்தப் படத்தை அதிகம் நம்பியும் இருக்கிறோம்.

சரியான வழி, கிடையச்சுப் புள்ளிகளின் பட்டியலை நாமே கட்டுவது. அதில் மூன்று வகைப் புள்ளிகள் சேர வேண்டும். முதலாவது, வளைகோடு வழவழப்பாகத் தெரிவதற்கான நெருக்கமான புள்ளிகள். 2000 இருந்தால் தாராளம். இரண்டாவது, ஒவ்வொரு தரவுப் புள்ளியும் இரண்டு முறை: முதல் முறை தாவுவதற்கு முந்தைய உயரத்துடனும், அடுத்து தாவிய பிறகுள்ள உயரத்துடனும். இதனால் படியின் செங்குத்து விளிம்பு கிடைத்துவிடும். மூன்றாவது, வளைகோடு படியின் உயரத்தை எட்டும் இடங்கள். அடுக்குக்குறிப் பரவலில் இவற்றைச் சூத்திரத்திலேயே பெறலாம். ஒன்றிலிருந்து படியின் உயரத்தைக் கழித்து, அதன் இயல் மடக்கையைச் சராசரியால் பெருக்கிக் குறியை மாற்றினால் போதும். உண்மையான வெட்டுப்புள்ளிகள் அனைத்தும் இந்தப் புள்ளிகளிலோ தாவல்களிலோதான் அமையும். வேறெங்கும் அமைய வழியில்லை.

இத்தனையும் சேர்ந்த பிறகு எந்தக் கோடு மேலே என்ற நிபந்தனையும் தேவையில்லை, இன்டர்போலேட்டும் தேவையில்லை. வளைகோட்டுக்கும், இரண்டில் பெரியதற்கும் இடையே ஆரஞ்சு. வளைகோட்டுக்கும், இரண்டில் சிறியதற்கும் இடையே நீலம். விளிம்புக்கோட்டின் தடிமனைச் சுழியம் ஆக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒளிபுகும் நிறங்களில் பரப்பே இல்லாத இடத்திலும் மெல்லிய கீற்று ஒன்று தெரியும்.

2023-இல் வந்த 3.8 பதிப்பிலிருந்து படிக்கோட்டை வரைய மேட்பிளாட்லிப்பில் ஈசிடிஎஃப் என்னும் தனிக் கட்டளையே இருக்கிறது. கோட்டை வரைய அது நல்லது. இரு கோடுகளுக்கு இடையே நிரப்புவது அதன் வேலையன்று.

ஆர்மொழிக்காரர்

ஒப்புக்கொள்கிறேன். ஆர் மொழியில் பாலிகன் கட்டளையைப் பயன்படுத்துபவர்களுக்கும் இதே பட்டியல் பொருந்தும்; மேல் எல்லை வழியாக இடமிருந்து வலமாகப் போய், கீழ் எல்லை வழியாக வலமிருந்து இடமாகத் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான். திரும்பும் வரிசையைப் புரட்ட மறந்தால் வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் ஒரு படம் கிடைக்கும். ஒரு முறையேனும் அதை வரையாத ஆர் பயனர் இருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

வரைதாள்

மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடியே செய்தேன். நிறங்கள் இப்போது கோடுகளுக்குள் ஒழுங்காக அடங்கி நிற்கின்றன. கூடவே பரப்புகளையும் கணக்கிட்டேன். கிடையச்சு 0 முதல் 20 நொடி வரை, ஆரஞ்சு 0.232, நீலம் 0.268.

இதில் ஒரு சந்தேகம். இரண்டும் இவ்வளவு நெருக்கமாக இருப்பது தற்செயலா? ஆரஞ்சும் நீலமும் சமமாக இருப்பதால் பொருத்தம் ஒருபக்கம் சாயாமல் நன்றாக இருக்கிறது என்று எழுதலாமா?

கூறெடுப்பு

எழுத வேண்டாம். அந்தச் சமநிலை நீங்கள் பொருத்திய விதத்திலேயே அடங்கியிருக்கிறது. தரவைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை.

எதிர்க்குறி மதிப்பெடுக்காத ஒரு மாறியின் சராசரி என்பது, அதன் குவிவுச் சார்புக்கு மேலே, 1 என்னும் உயரம் வரை எஞ்சியிருக்கும் பரப்பே. படிக்கோட்டுக்கு மேலே எஞ்சும் பரப்பு தரவின் சராசரி. வளைகோட்டுக்கு மேலே எஞ்சும் பரப்பு கோட்பாட்டுப் பரவலின் சராசரி. ஆகவே நீலப் பரப்பிலிருந்து ஆரஞ்சுப் பரப்பைக் கழித்தால் கிடைப்பது, தரவின் சராசரியிலிருந்து கோட்பாட்டுச் சராசரியைக் கழித்தால் கிடைக்கும் அதே எண். நிகழ்தகவன் கொடுத்த ஐந்து எண்களின் சராசரி 0.46, சீரான பரவலின் சராசரி 0.5, வேறுபாடு 0.04, அவருடைய 0.055-க்கும் 0.015-க்கும் இடையிலான வேறுபாடும் அதுவே. அடுக்குக்குறிப் பரவலை மீப்பெரு சாத்திய முறையில், அதாவது கையிலுள்ள தரவு கிடைக்கும் வாய்ப்பை மிக அதிகமாக்கும்படி, பொருத்தும்போது தரவின் சராசரியையே பரவலின் சராசரியாக வைக்கிறோம். வைத்த கணமே இரு நிறங்களின் பரப்புகளும் சமமாகிவிடுகின்றன. தரவு அடுக்குக்குறிப் பரவலுக்குச் சிறிதும் பொருந்தாததாக இருந்தாலும் சமமாகவே இருக்கும். இயல்நிலைப் பரவலுக்கும் இதே கதைதான்.

அப்படியானால் உங்கள் இரு எண்களும் ஏன் முற்றிலும் சமமாக இல்லை? படத்தை 20 நொடியில் வெட்டிவிட்டீர்கள். உங்கள் தரவு முழுவதும் 20-க்குள் முடிந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். அதற்கு அப்பால் படிக்கோடு 1-இல் இருக்க, வளைகோடு 1-ஐ நெருங்கிக்கொண்டே போகிறதே தவிர எட்டுவதில்லை. அந்த வால் பகுதி முழுவதும் ஆரஞ்சு. அதன் பரப்பு, சராசரியை, 20 நொடியைத் தாண்டும் நிகழ்தகவால் பெருக்கினால் வரும்: 4.2 பெருக்கல் 0.00855, அதாவது 0.036. உங்கள் 0.268-இலிருந்து 0.232-ஐக் கழித்துப் பாருங்கள்.

வரைதாள்

அச்சு அசலாக 0.036. அச்சை 60 நொடி வரை நீட்டிப் பார்த்தேன், இரண்டும் 0.268. இதைத்தான் நல்ல பொருத்தத்துக்குச் சான்றாக எழுத இருந்தேன் என்பதை நினைத்தால் சற்றுக் கூச்சமாக இருக்கிறது.

கழித்தல் ஒன்றும் சொல்லாது என்றால், இரண்டையும் கூட்டினால் வரும் 0.536-க்காவது பொருள் உண்டா?

கூறெடுப்பு

உண்டு. கூட்டுத்தொகைக்கு வாசர்ஸ்டைன் தொலைவு என்று பெயர். முதல் வரிசை வாசர்ஸ்டைன் தொலைவு என்பது முழுப்பெயர். ஒரு பரவலை மணல்மேடாகக் கருதி, அதை அள்ளி மற்றொரு பரவலின் வடிவத்துக்குக் கொண்டுவர மணலைச் சராசரியாக எவ்வளவு தூரம் நகர்த்த வேண்டும் என்பதே அது. இதன் அலகு கிடையச்சின் அலகேதான். உங்கள் விடை 0.536 நொடி. இதே தரவை நிமிடத்தில் எழுதினால் எண் 60-ஆல் வகுபட்டுவிடும். எனவே 0.536 பெரிதா சிறிதா என்பதை 4.2 நொடிச் சராசரியோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.

இதற்கு மாறாக, கோல்மகரவ் 1933-இல் முன்வைத்த அளவு பரப்பைப் பார்ப்பதில்லை, இரு கோடுகளுக்கும் இடையே உள்ள மிகப் பெரிய செங்குத்து இடைவெளியைப் பார்க்கிறது. அலகை மாற்றினாலும் மடக்கை எடுத்தாலும் அது மாறாது. அதைத் தேடும்போது ஒவ்வொரு தாவலின் இருபுறமும் பார்க்க வேண்டும். இங்கும் தாவுவதற்கு முந்தைய உயரத்தை மறந்துவிடுவதுதான் வழக்கமான பிழை.

செவ்வகம்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு சிரமம் எதற்கு? நிகழ்வெண் செவ்வகப் படத்தை வரைந்து, அதன் மேல் அடர்த்திச் சார்பின் கோட்டை வைத்து, இடைப்பட்டதை நிரப்பிவிடலாமே. வாசிப்பவர்களுக்கும் மணி வடிவமோ சரியும் வடிவமோதான் பழக்கம். குவிவுக் கோட்டைப் பார்த்தால் பலர் விழிக்கிறார்கள்.

நிகழ்தகவன்

வாசிப்பவரின் பழக்கம் பற்றிச் சொன்னது உண்மை. ஆனால் அந்தப் படத்தில் நீங்கள் நிரப்பும் பரப்பைத் தீர்மானிப்பது தரவைவிடச் செவ்வகங்களின் அகலம்தான். இரு பக்கமும் மொத்தப் பரப்பு 1 என்பதால் மேலே மிஞ்சுவதும் கீழே குறைவதும் அங்கேயும் தாமாகவே சமம். கூட்டுத்தொகையோ அகலத்தைக் குறைக்கக் குறைய ஏறிக்கொண்டே போகும்: அகலம் மிகச் சிறியதாகும்போது ஒவ்வொரு தரவும் ஒரு ஊசியாக நிற்கும், இடைவெளி முழுவதும் வெறுமையாகும், கூட்டுத்தொகை 2-ஐ நெருங்கிவிடும். ஃபிரீட்மன், டயகோனிஸ் இருவரும் 1981-இல் தந்த அகல விதி நல்ல தொடக்கம்தான். ஆனால் அதுவும் ஒரு தேர்வே. குவிவுக் கோட்டில் அப்படி நாம் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை.

செவ்வகப் படத்தையே வரைவதாக இருந்தால், உயரத்தை எண்ணிக்கையாக விட்டுவிடாமல் அடர்த்தியாக மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கோட்பாட்டுக் கோடு கிடையச்சோடு ஒட்டிப் படுத்துவிடும்.

செவ்வகம்

ஏற்கிறேன். இருந்தாலும் என் விளக்கக்காட்சிகளில் செவ்வகப் படம் தொடரும்; பரப்பை அளக்காமல் வடிவத்தை மட்டும் காட்டுவதாக இருந்தால் அதில் குற்றமில்லை.

ஆர்மொழிக்காரர்

நிரப்புவதற்கே நான் அவ்வளவு ஆதரவாளன் அல்லன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பழக்கம் மிகப் பழையது: 1786-இல் வில்லியம் பிளேஃபேர் தம் வணிகப் படங்களில் ஏற்றுமதிக் கோட்டுக்கும் இறக்குமதிக் கோட்டுக்கும் இடையே நிறம் தீட்டினார். இரு நூற்றாண்டுகளுக்குப் பிறகு வில்லியம் கிளீவ்லாந்து அதே பிளேஃபேரின் படம் ஒன்றை எடுத்துக்கொண்டு, இரு கோடுகளும் செங்குத்தாக ஏறும் இடங்களில் நம் கண் அவற்றுக்கிடையே உள்ள செங்குத்து இடைவெளியைக் காண்பதில்லை, மிகக் குறுகிய இடைவெளியையே காண்கிறது என்று சுட்டிக்காட்டினார். குவிவுக் கோடுகள் நடுப்பகுதியில் செங்குத்தாகத்தான் ஏறுகின்றன. கோல்மகரவ் இடைவெளி அங்கே இருந்தாலும் நிறப்பட்டை மெலிந்துதான் தெரியும்.

ஆகவே என் விருப்பம், படிக்கோட்டிலிருந்து வளைகோட்டைக் கழித்து, அந்த வேறுபாட்டைச் சுழியக் கோட்டின் மேல் தனியாக வரைவது. பரப்புகள் மாறுவதில்லை, ஆனால் எல்லா உயரங்களும் ஒரே கிடைமட்ட அடிக்கோட்டிலிருந்து எழுவதால் கண் ஏமாறுவதில்லை. 60 படிகளை 0 முதல் 1 வரையிலான உயரத்தில் நெரித்துக் காட்டுவதற்குப் பதிலாக, நிலையச்சை மைனஸ் 0.2 முதல் 0.2 வரை விரித்துக்கொள்ளவும் முடியும்.

கூறெடுப்பு

இதை வழிமொழிகிறேன். அப்படி வரைந்தால் நம்பிக்கைப் பட்டையையும், அதாவது தற்செயலால் மட்டுமே எவ்வளவு விலகல் வரலாம் என்பதைக் காட்டும் பட்டையையும், அதிலேயே காட்டலாம். டுவோரெட்ஸ்கி, கீஃபர், உல்ஃபோவிட்ஸ் ஆகிய மூவர் 1956-இல் நிறுவி, 1990-இல் மசார் அதன் மாறிலியைக் கூர்மைப்படுத்திய சமனிலியின்படி, 95 விழுக்காட்டுப் பட்டையின் அரை அகலம் 1.358-ஐத் தரவு எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைக்கும். 60 தரவுக்கு அது 0.175. சுழியக் கோட்டுக்கு மேலும் கீழும் அந்த உயரத்தில் ஒரு சாம்பல் பட்டை போதும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. அந்த 1.358 என்பது கோட்பாட்டுப் பரவலைத் தரவைப் பார்க்காமல் முன்கூட்டியே நிர்ணயித்திருந்தால்தான் செல்லும். சராசரியைத் தரவிலிருந்தே எடுத்துப் பொருத்தினால் வளைகோடு படிக்கோட்டை நோக்கி இழுக்கப்பட்டுவிடுகிறது, இடைவெளிகள் சுருங்குகின்றன, பட்டையோ அதே அகலத்தில் இருந்து எல்லாவற்றையும் நல்ல பொருத்தம் என்று சொல்லிவிடுகிறது. லில்லிஃபோர்ஸ் 1967-இல் இயல்நிலைப் பரவலுக்கும் 1969-இல் அடுக்குக்குறிப் பரவலுக்கும் இதற்கான அட்டவணைகளைத் தந்தார். சராசரியையும் திட்ட விலக்கத்தையும் தரவிலிருந்தே எடுத்த இயல்நிலைப் பரவலுக்கு 1.358 இருந்த இடத்தில் ஏறக்குறைய 0.886 வருகிறது என்றால் வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். அட்டவணை வேண்டாமென்றால், பொருத்திய பரவலிலிருந்து 60 எண்களைக் கணினியால் எடுத்து, அவற்றுக்கு மறுபடியும் சராசரியைப் பொருத்தி, இடைவெளியைக் கணித்து, இதை ஓரிரு ஆயிரம் முறை செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் மறுபடி பொருத்துவதை விட்டுவிட்டால் மொத்த வேலையும் வீண்.

வரைதாள்

வேறுபாட்டுப் படத்தை வரைந்தேன். மிகப் பெரிய இடைவெளி 0.09. கூறெடுப்பு சொன்ன முறையில் 2000 முறை உருவகித்துப் பார்த்ததில், அதைவிடப் பெரிய இடைவெளிகள் தாராளமாக வருகின்றன. ஆகவே அடுக்குக்குறிப் பரவலை மறுக்கக் காரணமில்லை என்று மட்டும் எழுதப் போகிறேன். மேலே நிறம் நிரப்பிய குவிவுப் படம், கீழே வேறுபாட்டுப் படம், இரண்டுக்கும் ஒரே கிடையச்சு.

கடைசியாக ஒன்று. சிறிய நேரங்கள் நெருக்கமாகக் குவிந்து கிடப்பதால் கிடையச்சை மடக்கை அளவுக்கு மாற்றினேன். 0.01 முதல் 60 நொடி வரை. திரையில் தெரியும் பரப்பை, அதாவது மடக்கை அலகிலேயே, கணித்தால் ஆரஞ்சும் நீலமும் சமமாக இல்லை. நீலம் 0.050 கூடுதல். இம்முறை வால் வெட்டுப்பட்டதாகவும் தெரியவில்லை.

கூறெடுப்பு

கிடையச்சை மடக்கைக்கு மாற்றியதும் பரப்புகள் ஒப்பிடுவது சராசரிகளை அல்ல, மடக்கைகளின் சராசரிகளை. உங்கள் பொருத்தல் முதலாவதைத்தான் சமப்படுத்தியது. இரண்டாவதற்கு அது பொறுப்பேற்கவில்லை. மடக்கை-இயல்நிலைப் பரவலைப் பொருத்தியிருந்தால் நிலைமை தலைகீழாகும்: மடக்கை அச்சில் சமம், சாதாரண அச்சில் சமமின்மை.

அடுக்குக்குறிப் பரவலில் இயல் மடக்கையின் சராசரி, 4.2-இன் இயல் மடக்கையிலிருந்து ஆய்லர் மாறிலியைக் கழித்தது: 1.435 கழித்தல் 0.577, அதாவது 0.858. உங்கள் 60 எண்களின் மடக்கைகளுக்குச் சராசரி எடுத்துப் பாருங்கள். 0.910-ஐ ஒட்டி வர வேண்டும்.

வரைதாள்

0.910 தான். ஆனால் 0.910-இலிருந்து 0.858-ஐக் கழித்தால் 0.052 வருகிறது, என் படத்தில் 0.050.

நிகழ்தகவன்

இம்முறை வெட்டுப்பட்டது இடப்பக்கம். மடக்கை அச்சுக்குச் சுழியம் என்னும் தொடக்கம் இல்லை, 0.01-க்கு இடப்புறம் படிக்கோடு தரையில் கிடக்க, வளைகோடு மெல்லிய நீலக் கீற்றாக முடிவின்றி நீள்கிறது. அதன் பரப்பு ஏறக்குறைய 0.01-ஐ 4.2-ஆல் வகுத்தது, 0.0024.